‘வாலண்டியரா ஜெர்மனி போகலாம்’... வேலூர், ஆம்பூர் இளைஞர்கள் கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஜெர்மனியில் ஒரு வருஷம் சேவை. தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, கைச்செலவுக்குப் பணமும் உண்டு. டிகிரி கேட்க மாட்டார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் அங்கேயே படிக்கலாம், வேலைக்கும் போகலாம். ஃபோனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும் ஒரு இளைஞர், இப்படி ஒரு விளம்பரத்தில் ஒரு நிமிஷமாவது நின்றுவிடுவார்.

வளைகுடா வேலை என்றால் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தெருவுக்கு நாலு பேரிடம் விசாரிக்கலாம். துபாய் போய் வந்த மாமா, சவுதியில் இருக்கும் மச்சான் என்று யாராவது இருப்பார்கள். ‘வாலண்டியர்’ என்று சொல்லி அழைத்தால் யாரிடம் கேட்பது?

அந்த விளம்பரத்தில் சொல்வதில் பெரும்பகுதி பொய் கிடையாது. சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது. நிஜமாகவே இருக்கும் ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி, அந்தத் திட்டத்தில் இல்லாத ஒன்றை விற்பது ரொம்ப சுலபம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2026-ஆம் ஆண்டை ‘நீடித்த வளர்ச்சிக்கான சர்வதேச தன்னார்வலர் ஆண்டு’ என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. இதற்கு முன் 2001-ல்தான் இப்படி ஒரு ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதனால் தன்னார்வப் பணி பற்றிய அறிவிப்புகள் வழக்கத்தைவிட அதிகம். அதன் நிழலில் ஏஜென்ட்களின் விளம்பரமும் வரும்.

இன்னொரு காரணம் உள்ளூர்க் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்தப் பகுதி தோலையும் ஷூவையும் நம்பி வாழ்கிறது. காலையில் கம்பெனி பஸ் ஏறும் தொழிலாளர்களில் பெண்கள்தான் அதிகம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதியை நம்பிய இந்த ஊர்களுக்கு அது நேரடி அடி. அம்மா ஷூ கம்பெனியில், அப்பா டேனரியில் என்று இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, ‘இதையே நம்பி இருக்கணுமா?’ என்ற கேள்வி வருவது இயல்பு. அந்தக் கேள்விக்கு ரெடிமேட் பதில் போல வந்து நிற்கிறது வாலண்டியர் விசா.

தன்னார்வலர் என்றால் சம்பளம் உண்டா?

கிடையாது. அதே நேரத்தில், கையில் இருந்து பணம் போட வேண்டும் என்பதும் இல்லை. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

ஒரு வகையில், அரசோ ஐ.நா.வோ செலவை ஏற்கிறது. தன்னார்வலருக்கு வாழ்க்கைச் செலவுத் தொகை, காப்பீடு, சில நேரம் பயண டிக்கெட்டும் கிடைக்கும். இன்னொரு வகையில், தன்னார்வலரே ‘புரோகிராம் ஃபீஸ்’ கட்டி இரண்டு வாரம், ஒரு மாதம் போய் வருவார். இது சட்டவிரோதம் இல்லை. ஆனால் பாதி சுற்றுலா, பாதி சேவை. கட்டுகிற பணத்தில் எவ்வளவு அந்த ஊர் மக்களுக்குப் போகிறது என்று கேட்டால் பல அமைப்புகளிடம் தெளிவான பதில் இருக்காது. குழந்தைகள் இல்லங்களுக்கு வெளிநாட்டு வாலண்டியர்களை அழைத்துப் போகும் வியாபாரத்துக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளைக் கூட ‘அனாதை’ என்று சேர்த்த கொடுமை சில நாடுகளில் நடந்தது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தப் பிரச்சினையும் பேசப்பட்டது.

மூன்றாவது வகைதான் ஆபத்து. தன்னார்வலர் என்று பெயர், நடுவில் ஒரு ஏஜென்ட், அவருக்கு லட்சக்கணக்கில் பணம். சேவை செய்யப் போகிறவர் கடன் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அந்தக் கடனை எதை வைத்து அடைப்பார்? கைச்செலவுப் பணத்தை வைத்து அடைக்க முடியாது. எனவே அங்கே போய் வேறு வேலை தேடுவார். அந்த வேலை விசா விதிக்கு எதிரானதாக இருக்கும்.

ஜெர்மனி திட்டம் உண்மையா?

உண்மை. ஒன்றுக்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று எஃப்.எஸ்.ஜே. எனப்படும் தன்னார்வ சமூக ஆண்டு. இதற்கு 1964-லேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளி முடித்த இளைஞர்கள் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ ஒரு வருஷம் பணியாற்றும் பழக்கம் அங்கே பழசு. இன்னொன்று பி.எஃப்.டி. எனப்படும் கூட்டாட்சித் தன்னார்வப் பணி. ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை நிறுத்தி வைக்கப்பட்டபோது, ராணுவத்துக்குப் பதிலாக சமூகப் பணிக்கு வந்துகொண்டிருந்த இளைஞர்களின் வரத்தும் நின்றது. அந்த இடத்தை நிரப்பத்தான் 2011 ஜூலையில் பி.எஃப்.டி. தொடங்கப்பட்டது.

இந்தப் பின்னணி ஒன்றைச் சொல்கிறது. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், கிண்டர்கார்டன், மருத்துவமனை ஆகியவற்றில்தான் ஆள் தேவை. ஐ.டி. கம்பெனியில் வாலண்டியர், ஹோட்டலில் வாலண்டியர் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வேலை எப்படி இருக்கும்? முழுநேரம். வாரத்துக்கு ஏறக்குறைய 39, 40 மணி நேரம். வயதானவரை எழுப்பி உட்கார வைப்பது, ஊட்டிவிடுவது, குளிக்க உதவுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கை மாற்றுவது, பேச்சுத் துணையாக இருப்பது. சொந்தத் தாத்தாவுக்குச் செய்திருந்தால் பழக்கம் இருக்கும். செய்யாதவருக்கு முதல் மாதம் கஷ்டம்தான். காலை ஷிஃப்ட்டுக்குக் குளிர்காலத்தில் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். மாலை திரும்பும்போதும் இருட்டு. ரீல்ஸில் பனி மட்டும்தான் தெரியும், இது தெரியாது.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? மாதம் சில நூறு யூரோ கைச்செலவுப் பணம். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட சமூகப் பாதுகாப்பை பணி கொடுக்கும் அமைப்பு ஏற்கும். தங்குமிடமும் உணவும் பல இடங்களில் தருவார்கள், சில இடங்களில் தர மாட்டார்கள். இதைத்தான் ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டும். ஜெர்மனியின் பெரிய நகரங்களில் ஒரு ரூமுக்கான வாடகையே அந்தக் கைச்செலவுப் பணத்தை விழுங்கிவிடும். 12 மாதப் பணியில் 25 நாட்கள் கருத்தரங்குக்கு என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் இது கற்றுக்கொள்ளும் ஆண்டு.

வீட்டுக்குப் பணம் அனுப்பலாமா என்று கேட்டால், நேர்மையான பதில்: முடியாது. மாதத்துக்கு நூறு யூரோ மிச்சம் பிடித்தாலே பெரிய விஷயம். ‘ரெண்டு லட்சம் கட்டு, ஆறு மாசத்துல எடுத்துடலாம்’ என்று சொல்பவர் கணக்கு தெரியாதவர், இல்லையென்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கணக்கு தெரியாது என்று நினைப்பவர்.

இதே பி.எஃப்.டி. சட்டகத்துக்குள் ‘வெல்ட்வெர்ட்ஸ்’ என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-ல் தொடங்கிய திட்டம் இது. முதலில் ஜெர்மன் இளைஞர்களை மட்டும் இந்தியா போன்ற நாடுகளுக்கு அனுப்பியது. பிறகு 2013 வாக்கில், இந்த நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்கு வரும் எதிர்த்திசையும் சேர்க்கப்பட்டது. 18 வயதுக்கு மேற்பட்ட, இருபதுகளில் இருப்பவர்களுக்கான இடம் இது. பயணம், காப்பீடு, தங்குமிடம் எல்லாம் திட்டச் செலவுக்குள் வரும். தனியாக விண்ணப்பித்துப் போக முடியாது. இந்தியாவில் உள்ள கூட்டாளி அமைப்பு தேர்வு செய்து அனுப்ப வேண்டும். இடங்கள் குறைவு. ஆனால் கைக்காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் நல்ல வழி. ஏஜென்ட்களுக்கு இதில் வருமானம் இல்லை, அதனால் அவர்கள் வாயில் இந்தப் பெயர் வருவதில்லை.

சரி, ஒரு வருஷம் முடிந்தபின் அங்கேயே இருக்கலாமா? வழி இருக்கிறது. ‘ஆஸ்பில்டுங்’ எனப்படும் தொழிற்பயிற்சியில், குறிப்பாக நர்சிங் பயிற்சியில் சேர்ந்து விசாவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அது தானாகக் கிடைக்காது. மொழித் தகுதி ஒரு படி ஏற வேண்டும், பயிற்சி ஒப்பந்தம் கையில் வர வேண்டும், வெளிநாட்டவர் அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. விசா நேர்காணலில் ‘ஏன் வாலண்டியராகப் போக வேண்டும்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். மனப்பாடம் செய்த பதில், ஊரில் ஒரு நாள் கூட சேவை செய்ததற்கான சான்று இல்லாத விண்ணப்பம் என்று போனால், உண்மையான நோக்கம் வேறு என்று தூதரகம் முடிவு செய்து நிராகரிக்கலாம்.

ஐ.நா. தன்னார்வலர் ஆவது எப்படி?

ஐ.நா. தன்னார்வலர் திட்டமான யு.என்.வி., 1970-ல் ஐ.நா. பொதுச்சபை எடுத்த முடிவால் உருவானது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். இதில் விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் அது யு.என்.வி. இல்லை.

அனுபவம் குறைந்தவர்களுக்கு 18 முதல் 26 வயது வரை இளைஞர் தன்னார்வலர் பிரிவு. 27 வயதுக்கு மேல் சில வருஷ அனுபவத்தோடு வருபவர்களுக்கு நிபுணர் பிரிவு. 35-ஐத் தாண்டி, பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர்களுக்கு மூத்த நிபுணர் பிரிவு. தேர்வானால் பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு, மாதாந்திர வாழ்க்கைச் செலவுத் தொகை எல்லாம் உண்டு. போட்டி கடுமை. ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ அரபியோ தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை கிடைக்கும் இடங்கள் நிறைய. அரபி எழுத்துகளை மதரஸாவில் படித்து வளர்ந்த ஆம்பூர், மேல்விஷாரம் பிள்ளைகளுக்கு இது ஒரு தொடக்கம். ஓதத் தெரிந்தால் பேசத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஆனால் பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

வெளிநாடு போகாமலே வீட்டில் இருந்து செய்யும் ஆன்லைன் தன்னார்வப் பணியும் யு.என்.வி.யில் உண்டு. மொழிபெயர்ப்பு, டிசைன், தரவு வேலை மாதிரி. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள். பாஸ்போர்ட் கூட தேவையில்லை. வெளிநாடு போகணும் என்று நினைப்பவருக்கு இது உப்புச்சப்பில்லாமல் தெரியலாம். ஆனால் அடுத்த விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத ஒன்று கிடைக்கிறதே.

பிரிட்டன், அமெரிக்கா பற்றி சுருக்கமாக: பிரிட்டனில் ‘சேரிட்டி ஒர்க்கர்’ விசா தனியாக இருக்கிறது. சம்பளமில்லாத பணி, அதிகபட்சம் 12 மாதம், உரிமம் பெற்ற ஸ்பான்சர் அமைப்பின் சான்று கட்டாயம். சுற்றுலா விசாவில் போனவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை மட்டும் சேவை செய்யலாம். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்புகளின் சேவைக்கு பி-1 விசா பயன்படும். சம்பளம் வாங்கக் கூடாது. ஹஜ் பயணிகளுக்கு உதவ சவுதி செல்லும் ‘காதிமுல் ஹுஜ்ஜாஜ்’ பணியையும் சிலர் தன்னார்வலர் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அரசு ஊழியர்களுக்கு மட்டுமான பொறுப்பு. ‘நான் சேர்த்துவிடுறேன்’ என்று வெளியாள் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தோல் ஊரில் இருந்து என்ன கொண்டு போவது?

தன்னார்வப் பணி என்றாலே டாக்டர், டீச்சர் என்றுதான் மனதுக்கு வரும். இந்தப் பகுதிக்கு வெளியில் இருந்து வந்தவர்களைப் பார்த்தால் இன்னொன்று புரியும்.

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க வந்தவர். பெண் டாக்டர் இல்லாததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைப் பார்த்தபின், அப்படியே இங்கே தங்கி ‘உதவி’ செய்யத் தொடங்கவில்லை. திரும்பிப் போனார், மருத்துவம் படித்து முடித்தார், 1900-ல் வேலூருக்கு வந்தார். இன்றைய சி.எம்.சி.யின் ஆரம்பம் அது. பார்த்ததற்கும் சேவையைத் தொடங்கியதற்கும் நடுவில் பல வருஷப் படிப்பு இருக்கிறது.

கொல்லிமலையில் பிறந்து லண்டனில் படித்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அவரை உலகம் அறியச் செய்தது. ஆனால் நோயாளிகளின் காலைக் காப்பாற்றியதில் செருப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாவதைத் தடுக்க, மைக்ரோசெல்லுலார் ரப்பரில் மென்மையான செருப்புகளை வேலூரிலும் கரிகிரியிலும் அவரது குழுவினர் உருவாக்கினார்கள். அதாவது, சர்ஜனுக்கு செருப்புத் தைக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

இன்றைக்கும் அதே கதைதான். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளில் டாக்டர், நர்ஸ் அளவுக்கு குடிநீர், கழிவுநீர், ஜெனரேட்டர், ஸ்டோர், வண்டிப் பராமரிப்பு பார்ப்பவர்களும் தேவை. அங்கே பொதுவாக இரண்டு வருஷமாவது வேலை அனுபவம் கேட்பார்கள். டேனரிக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு கொடுத்ததில் இருந்து, பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. பாலாறு கெட்ட கதையின் மறுபக்கம், அந்த நிலையங்களில் ஷிஃப்ட் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை டெக்னீஷியன்கள். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2010-களில் எத்தியோப்பியாவின் தோல் தொழில் நிறுவனத்தோடு கைகோத்துப் பயிற்சி கொடுத்தது. அது தன்னார்வத் திட்டம் இல்லை, அரசுகளுக்கு இடையிலான ஏற்பாடு. ஆனால் இங்குள்ள தொழில் அறிவு வெளியே தேவைப்படுகிறது என்பதற்கு அது சாட்சி.

‘தோல் தொழிலாளர் தன்னார்வலர்’ என்று நேரடி வேலை அறிவிப்பு எங்கும் வராது. கட்டிங், ஸ்டிச்சிங் சூப்பர்வைசராக இருந்தவர் விண்ணப்பத்தில் அதை ‘ஷூ கம்பெனி வேலை’ என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. எத்தனை பேரை மேற்பார்வை செய்தார், எந்த மெஷினைப் பழுது பார்ப்பார், ஸ்டாக் கணக்கு எப்படி வைத்தார் என்று பிரித்து எழுத வேண்டும். ஒரு முகாமின் ஸ்டோரை நடத்தத் தேவைப்படுவதும் அதே திறமைதான்.

தயாராக எவ்வளவு நாள் ஆகும்?

ஒன்றரை மாதத்தில் அனுப்புகிறேன் என்பவரிடம் இருந்து விலகி இருப்பது நல்லது. ஜெர்மனிக்கு என்றால், மொழியையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு வருஷம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட். வேலூர் தபால் நிலைய பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்கு ‘இ.சி.ஆர்.’ முத்திரை வரும். அப்படியென்றால் சவுதி, யு.ஏ.இ., மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வேண்டும். எட்டாவதோடு நின்று கம்பெனி வேலைக்குப் போனவர்கள் இருக்கும் ஊர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது மொழி. ஜெர்மன் மொழியில் ஏ1, ஏ2, பி1 என்று படிகள். வாலண்டியர் பணிக்கு ஏ2-வாவது வேண்டும், முதியோர் இல்லங்கள் பல பி1 எதிர்பார்க்கும். பேச்சுதான் அங்கே வேலை. ‘வலிக்கிறதா?’ என்று கேட்கத் தெரியாதவரை எந்த இல்லமும் தனியாக விடாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோதே நிறுவனத்தில் தேர்வு எழுதலாம். ஸ்லாட் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிய வேண்டும். ஆம்பூரில் இருந்து ரயிலில் மூன்று மணி நேரம். தினமும் போய் வர முடியாது, ஆன்லைன் வகுப்பும் வேலூர்ப் பக்கம் கிடைக்கும் பயிற்சியும்தான் நடைமுறை. சான்றிதழை விலைக்கு வாங்கித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. நேர்காணலில் முதல் இரண்டு கேள்வியிலேயே அது உடைந்துவிடும். போலிச் சான்று கொடுத்தார் என்று பதிவானால் அடுத்தடுத்த விசாவுக்கும் அது தொந்தரவு.

பலரும் மறப்பது தடுப்பூசி. ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. 1970-க்குப் பின் பிறந்தவர்கள் கிண்டர்கார்டனிலோ மருத்துவமனையிலோ பணியாற்ற தட்டம்மை எதிர்ப்பு சக்தி இருப்பதற்கான சான்று வேண்டும். சின்ன வயசில் போட்ட ஊசியின் அட்டை யார் வீட்டில் இருக்கிறது? இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை, அல்லது மறுபடி இரண்டு டோஸ். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் பாதிப்புள்ள நாட்டில் இருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

கடைசியாக, ஆனால் இன்றே தொடங்கக்கூடியது: உள்ளூர் சேவை. வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், வேலூர் ஊரீசு போன்ற கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். சான்றிதழுக்காகச் சேர்ந்து மரக்கன்றோடு போட்டோ எடுத்துக்கொண்டு வருவதைப் பற்றி இங்கே பேசவில்லை. படிப்பை முடித்தவர் பக்கத்து முதியோர் இல்லத்தில் மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்க்கலாம். அடுத்தவர் உடம்பைச் சுத்தம் செய்வது தன்னால் முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முடியாது என்றால் நஷ்டம் பஸ் காசு மட்டும்.

ஏமாற்று எங்கே நுழைகிறது?

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அவர் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கும்.

ஆனால் அந்தச் சட்டம் பேசுவது கூலிக்காகவோ பலனுக்காகவோ செய்யும் வேலையைப் பற்றி. ‘இது வேலையே இல்லை சார், சேவை’ என்று சொல்லிவிட்டால்? பதிவு எதற்கு, உச்சவரம்பு எதற்கு என்று கேட்க ஏஜென்ட்டுக்கு இடம் கிடைக்கிறது. ‘கன்சல்டன்சி’, ‘மொழிப் பயிற்சி பேக்கேஜ்’ என்று ரசீது போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குகிறார். 1983 சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. அதில் இந்த ஓட்டை அடைபடுகிறதோ இல்லையோ, இப்போதைக்குப் பாதுகாப்பு விண்ணப்பதாரரின் கையில்தான்.

இன்னொரு பொறி, டூரிஸ்ட் விசா. ‘இப்போ டூரிஸ்ட்ல போ, அங்க போனதும் மாத்திக்கலாம்’ என்ற வசனம் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வேலை, இங்கே சொல்லப்படுவது சேவை. விசாவில் எழுதியிருப்பதும் வாயால் சொல்வதும் வேறு வேறாக இருந்தால், போன இடத்தில் புகார் கொடுக்கக்கூட பயப்படும் நிலைதான் வரும்.

எனவே பணம் கட்டும் முன், பணி கொடுக்கும் இல்லத்துக்கோ அமைப்புக்கோ நேரடியாக ஒரு மெயில் போட வேண்டும். ‘இந்தப் பெயரில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா, தங்குமிடம் உண்டா, நான் யாருக்காவது கட்டணம் தர வேண்டுமா?’ என்ற மூன்று கேள்விகள் போதும். ஜெர்மன் அமைப்புகள் பொதுவாகப் பதில் போடுவார்கள். மெயில் முகவரியை ஏஜென்ட்டிடம் வாங்காமல், அமைப்பின் சொந்த இணையதளத்தில் இருந்து எடுக்க வேண்டும். ‘நேரடியா பேசாதீங்க, கேன்சல் ஆயிடும்’ என்று ஏஜென்ட் தடுத்தால் விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் ஒப்புக்கொள்வார்களா?

பொண்ணை ஒரு வருஷம் தனியாக அனுப்புவதா என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் வரும். அதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவதில் பயனில்லை. தங்கும் இடத்தின் முகவரி, பணி இடத்தின் பொறுப்பாளர் பெயர், ஒப்பந்தத்தின் நகல், திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் தனியாக ஒரு கணக்கில் என்று இவை நான்கும் அம்மா அப்பா கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஹலால் சாப்பாடு, தொழுகை, நோன்பு பற்றியும் முன்பே கேட்டுவிடலாம். கேட்டால் இடம் கிடைக்காது என்று பயந்து மறைத்துவிட்டு, போன பிறகு சமையலறையில் தகராறு செய்வதைவிட அது மேல்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. பணி இடம் சரியில்லை என்றால் ஜெர்மனியில் திட்டத்தை நடத்தும் அமைப்பிடம் சொல்லி இடம் மாற்றக் கேட்கலாம். சொல்லாமல் கிளம்பிப் போனால்தான் விசா சிக்கலாகும்.

யாரிடம் விசாரிக்கலாம்?

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை உதவி எண் 1800 309 3793, இந்தியாவுக்குள் இருந்து இலவசம். வெளிநாட்டில் இருந்து அழைக்க 80690 09901, மிஸ்டு கால் கொடுக்க 80690 09900, முன்னால் 91 சேர்க்க வேண்டும். மத்திய அரசின் பிரவாசி பாரதீய சகாயதா மையம்: 1800 11 3090. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்திலோ, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலோ சரிபார்க்கலாம். 1978-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வாலண்டியர் திட்டங்களை நடத்துவதில்லை. ஆனால் நர்சிங் முடித்தவர்கள் முதலில் அங்கே போய்க் கேட்பது நல்லது. முறையான சம்பளத்தில் போகும் தகுதி இருப்பவர், அது தெரியாமல் கைச்செலவுப் பணத்துக்குக் கிளம்பிவிடக் கூடாது. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனடியாக 1930-க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.